தாடிக்காரனுக்கு ஒரு குத்துவிளக்கு

அக்கா, ஒன்று கேட்டால் கோபப்பட மாட்டீங்களே? இந்த டி-ஷர்ட்டை எங்கே வாங்கினீங்க?

கோயம்புத்தூரிலா? ரோட்டோரத்தில் குவித்துப் போட்டு விற்றானா? சரிதான். இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நன்றாக இல்லை. நான் இப்படித்தான், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவேன், தப்பாக எடுத்துக்காதீங்க. அந்தத் தாடிக்காரர் முகத்துக்குக் கீழே ஒரு குத்துவிளக்கு எரிகிறது பாருங்க. அவர் கழுத்தைச் சுற்றி ஒரு சாமந்தி மாலை. அது ரெண்டும் என் அப்பா போட்டது. உங்க முதுகில் வரிசையாக ஊர்ப் பெயர் இருக்கும், ஹாம்பர்க், ஓஸ்லோ, லியோன் என்று. அதில் ஒரு ஊரில்கூட அந்தக் கச்சேரி நடக்கவில்லை.

அப்பாவா? அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைச் சட்டை. டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். திரும்ப மாட்டார். படம் ஓடும்போது பஸ் கவிழ்ந்தால்கூடத் திரும்ப மாட்டார். திருப்பூரில் ஏறியதும் முன் சீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், நான் இங்கே பின்னால் வந்து உட்கார்ந்தேன். என்னால் அந்தப் படத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. முதலில் ஹீரோவின் செருப்பைக் காட்டினான், அப்புறம் முதுகைக் காட்டினான், முகத்தைக் காட்டுவதற்குள் பல்லடம் வந்துவிட்டது. இப்போது பாருங்க, நாற்பது வயது ஆள் காலேஜ் பையன் என்று சொல்லிக்கொண்டு பையை மாட்டிக்கொண்டு போகிறான். இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃபிளாஷ்பேக் வரும். அதில் அவன் பெரிய ஆளாக இருந்திருப்பான். எந்தப் படத்திலும் யாரும் சும்மா ஒரு ஆளாக இருந்ததே கிடையாது, கவனித்திருக்கீங்களா?

நாங்கள் ஒட்டன்சத்திரம் தாண்டி இறங்குகிறோம். அங்கே ஒரு நூல் மில், பொண்ணுகளுக்கு ஹாஸ்டல் உண்டு. என்னைச் சேர்க்கத்தான் போகிறோம். வார்டன் கேட்டில் நிற்பாராம். போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாட்டுக் கேட்கிற ஆள் நான் இல்லை.

ஆனால் நான் அங்கே சேரப் போவதில்லை, பாருங்க. அப்பா விட மாட்டார். கேட் வரைக்கும் வருவார், அந்த வார்டனைப் பார்ப்பார், அப்புறம் 'வா கண்ணு, ஊருக்குப் போலாம்' என்பார். எனக்கு அவரைத் தெரியும். ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிக்கொண்டு போனார்கள், பஸ் கிளம்பும்போது ஓடிவந்து என்னை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பதினொன்றாவதோடு நான் நிற்கிறேன் என்றபோது அம்மா ஊரையே கூட்டினாள். அப்பா, 'வேண்டாங்குதல்ல, உடு' என்று ஒரே வார்த்தைதான். படிப்பு வராமல் இல்லை. எனக்குப் பொறுமை வரவில்லை. ஒரு பாடத்தை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அதனால் இன்றைக்கு அவர் வாயைத் திறந்தால் போதும். திறப்பார்.

இந்த பேண்ட் பாட்டைக் கேட்டிருக்கீங்களா? இல்லையா! நினைத்தேன். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். திருப்பூரில் மாடு மேய்க்கிறவர்கூட ராக் பேண்ட் பெயர் போட்ட பனியன்தான் போட்டிருப்பார். எல்லாம் எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்டது. எங்கள் தெருவில் இட்லிக்கடை அண்ணன் மண்டையோட்டுப் படம் போட்டதைப் போட்டுக்கொண்டு சட்னி ஊற்றுவார். எனக்கு மட்டும்தான் இந்த மண்டையோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. பனியனில் இருக்கிற பெயரைப் போனில் அடித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதிப்பேர் குப்பை. சொல்கிறேன், கேளுங்க. கிடாரை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் தனியாக வாசிக்கிறான் பாருங்க, அவன் வேலையில்லாதவன். மேடையில் கிடாரை உடைக்கிறவன் அடுத்த கிடாருக்குக் கவலைப்படாதவன். ரொம்ப சோகமாகப் பாடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அவர்கள் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த முகமாக இருக்கிறார்கள். டிரம்ஸ்காரன் சரியாக இருந்தால் மற்றதை மன்னித்துவிடலாம்.

உங்க பனியனில் இருக்கிற பேண்ட், டஸ்ட் பாரிஷ், அப்படி இல்லை. உங்க நெஞ்சில் இருக்கிறவர் டெரன் வால், அவர்தான் பாடகர். அவர் பாடும்போது என்ன சொல்கிறார் என்று எனக்குப் பாதி புரியாது. புரியாததால்தான் பிடித்தது. தமிழ்ப் பாட்டு என்றால் பொய் சொல்கிறான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. இவர் கத்துவார். கட்டிலில் கால் இடித்துக்கொண்டவன் கத்துகிற மாதிரி, உண்மையாகக் கத்துவார். காலையில் எழுந்ததும் அதைக் கேட்டால்தான் பல் விளக்கவே கை வரும்.

அப்பா அப்போது ஒரு பெரிய கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டர். நாட்ராயன் மாஸ்டர் என்றால் அங்கேரிபாளையத்தில் தெரியும். கலர் கலக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள், எனக்குத் தெரியாது, எனக்கு எல்லாச் சிவப்பும் சிவப்புதான். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், கையில் ஒரு சாம்பிள் பனியனை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். எக்ஸ்போர்ட் ஆபீஸ் பிரசன்னா சார் கொடுத்ததாம். இந்த ஆளின் கச்சேரி வெளிநாடு முழுக்க நடக்கப் போகிறது, பனியன் ஏகப்பட்டது வேணும், நீங்களே தனியாக டேபிள் போட்டு அடித்துக்கொடுங்க மாஸ்டர், தொடர்ந்து வேலை வரும் என்று சொன்னாராம். அதற்குக் கம்பெனியை விட வேண்டும்.

"கண்ணு, இந்தத் தாடிக்காரன் யாருன்னு உனக்குத் தெரியுமா? நீ கேக்கற பாட்டெல்லாம் இப்படி ஆளுகதானே?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! வீட்டில் ஒருத்தர் முதல்முறையாக என்கிட்ட கேட்கிறார். டெரன் வால் பற்றி! ஆரம்பித்தேன். அவர் சோறு ஆறிப்போகும் வரைக்கும் பேசினேன். பாட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "சரி, ஆள் எப்படி? நின்னு ஆடற ஆளா? இவனை நம்பி எறங்கலாமா?" என்றார்.

"இவரை நம்பாம யாரைப்பா நம்புவீங்க? இவரெல்லாம் சாகற ஜாதியே இல்லப்பா" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, "பேசாம இருக்கற வேலையப் பாருங்க. அது கெடக்குது, சின்னப் புள்ள, அதைப் போய்க் கேட்டுட்டு" என்றாள். அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. அண்டாவை உருட்டுகிற சத்தம் என்பாள்.

அந்தச் சமயத்தில் டெரனைப் பற்றிச் சில செய்தி வந்துகொண்டிருந்தது உண்மைதான். ஒரு கச்சேரியில் பாதியில் மேடையை விட்டு இறங்கிவிட்டார், இன்னொன்றை நிறுத்திவிட்டார், ஆஸ்பத்திரி வாசலில் எடுத்தது என்று ஒரு போட்டோ. நான் நம்பவில்லை. அதைப் போட்டவனைத் திட்டிக் கமெண்ட் எழுதினேன், தமிழில்தான், சூடாக. அதையெல்லாம் போய் அப்பாகிட்ட எதற்குச் சொல்ல வேண்டும்? பொய்ச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவருகிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்பா கம்பெனியை விட்டார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டார். நீள டேபிள், அதில் பனியனை வரிசையாக ஒட்டி, படம் பதித்த வலைச் சட்டத்தை வைத்து, ரப்பர் கட்டையால் கலரை ஒரே இழுப்பாக இழுப்பார். ஒரு கலருக்கு ஒரு சட்டம். தாடிக்கு மட்டும் மூன்று கலர். உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள், நானும் காய்ந்த பனியனை எடுத்துப் பீஸ் மடித்தேன். நாள் முழுக்க டெரன் முகம் ஈரமாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஷெட்டில் ஸ்பீக்கரில் டஸ்ட் பாரிஷ். அப்பா அந்தத் தாளத்துக்குக் கட்டை இழுக்க ஆரம்பித்துவிட்டார், அக்கா! "இந்தப் பாட்டுல கை நிக்காம போகுது, நல்லாத்தான் இருக்குது" என்றார். அப்படி ஒரு நல்ல காலம் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

அப்புறம் டெரன் செத்துப்போனார்.

கச்சேரி ஆரம்பிக்கவே இல்லை. பனியன் எல்லாம் பெட்டியில் கட்டித் தயாராக இருந்தது. காலையில் போனைப் பார்த்தேன், நம்பாமல் மறுபடி பார்த்தேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். எழுந்திருக்கவே இல்லை. பிரசன்னா சார் மத்தியானம் போன் செய்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டாராம், நடக்காத கச்சேரிக்குப் பனியன் எதற்கு என்று. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்பா வந்து கட்டில் பக்கத்தில் நின்றார்.

"கண்ணு, அந்த ஊருல ஆளு செத்தா வெளக்கு வெப்பாங்களா? மாலை போடுவாங்களா?"

அழுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"நீ அழுவறதப் பாத்தா நம்ம வீட்டு ஆளு போன மாதிரி இருக்குது. பாக்கறேன், எதாச்சும் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன பண்ணினார் என்றால், இதைப் பண்ணினார். நம் ஊரில் யாராவது போய்ச் சேர்ந்தால் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பார்கள் இல்லையா, முச்சந்தியில், போட்டோவுக்கு மாலை போட்டு, கீழே விளக்கு எரிகிற மாதிரி. அதே மாதிரி. அவரே வரைந்து, அவரே சட்டம் தயார் பண்ணி, கட்டின பெட்டியை எல்லாம் பிரித்து, ஒவ்வொரு பனியனிலும் டெரன் கழுத்தில் மாலையும் கீழே குத்துவிளக்கும் போட்டிருக்கிறார். ஆட்கள் இல்லை, தனியாக. நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாளெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. அந்தத் தீபத்தின் மஞ்சளை எத்தனையோ தடவை கலக்கிக் கொட்டினார் என்று அம்மா சொன்னாள். அவர் நினைப்பு என்னவென்றால், ஆளு போய்ட்டாரு, அவர் மேல் பிரியமாக இருக்கிறவர்கள் அழுவார்கள், அவர்களுக்கு இது வேண்டியிருக்கும், வெளிநாட்டுக்காரனும் மனுஷன்தானே என்று. பிரசன்னா சாரை வரச்சொல்லிக் காட்டினார்.

பிரசன்னா சார் சிரித்தார், அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாஸ்டர், கீழே 'இவண், குடும்பத்தார்'னு போட்டிருக்கலாமே! பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி போடலையா?" என்றார். போட்டோ எடுத்தார். அந்த போட்டோ அன்றைக்கே திருப்பூர் முழுக்கச் சுற்றியது. அப்பா சும்மா நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். பார்த்தேன். டெரன் வால் கழுத்தில் சாமந்தி மாலை!

எனக்கு வந்ததே கோபம். "ஏம்ப்பா, இது ராக் பேண்டா, எழவு வீட்டு பேனரா? அசிங்கமா இருக்குது! அவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியலைன்னா கம்முனு இருக்க வேண்டியதுதானே? இப்படி ஊரே சிரிக்க வெக்கணுமா?" என்றேன். பிரசன்னா சார், அம்மா, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள்தான். இருந்தால் என்ன? ஆள் இருக்கிறார்கள் என்று பொய்யா சொல்ல முடியும்?

அப்பா ரப்பர் கட்டையை எடுத்துக் கழுவினார். துடைத்தார். ஆணியில் மாட்டினார். உள்ளே போய் டிவியைப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். எல்லாம் அந்த பிரசன்னா பண்ணின வேலை. ஒரு மனுஷனைப் பார்த்து அப்படி முகத்துக்கு நேராகச் சிரித்தால் அவர் மனசு என்ன ஆகும்? அந்த ஆளுக்கு நாகரிகமே கிடையாது.

அதற்கப்புறம் ஷெட் காலியானது, டேபிளை யாரோ வந்து தூக்கிப் போனார்கள், பனியனை மூட்டையாக ஒருத்தன் வந்து அள்ளிக்கொண்டு போனான். அதுதான் உங்க கைக்கு வந்திருக்கிறது. பழைய கம்பெனியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அப்பா போகவில்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "உன்ற வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு போடோணும்" என்றாள், சம்பந்தமே இல்லாமல். அவளுக்கு எப்போதும் என் மேல்தான்.

அப்பா சீரியல் பார்க்கிறார். காலையில் ஆரம்பித்து வரிசையாக. மத்தியானம் அதையே திரும்பப் போடுவான், அதையும் பார்க்கிறார். சீரியலைப் போல ஒரு கேவலம் உலகத்தில் கிடையாது, அக்கா. தூங்கும்போதும் நகையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். அந்த வீட்டில் யாரும் வேலைக்கே போவதில்லை. ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வீட்டில் இருக்கிற எல்லார் மூஞ்சியையும் மும்மூன்று தடவை காட்டுகிறான், இடி இடிக்கிறது, அன்றைக்கு நாடகம் முடிந்துவிடுகிறது. ஒரு வார்த்தைக்கு அவ்வளவு நேரமா? நிஜத்தில் யாராவது ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்படி நிற்பார்களா?

இதையேதான் அப்பாகிட்டயும் சொன்னேன். "இதைப் பாக்கறவங்களுக்கு மூளையே இருக்காதுப்பா" என்றேன். அவர் கண்ணை எடுக்காமல், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பாருங்க, அவருக்கே தெரிகிறது. தெரிந்தும் பார்க்கிறார்.

என்ன சொல்றீங்க? இந்த விளக்குக்காகத்தான் வாங்கினீங்களா? இந்த மஞ்சளா? அக்கா, சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. எனக்கு ஆறுதல் பிடிக்காது. ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் கேட்டார்களா, எங்கே கிடைக்கும் என்று? உங்க ஊர்க்காரர்களுக்கு ரசனை இல்லை, வேறென்ன. ஐயையோ, வேண்டாம், வேண்டாம். எழுந்திருக்காதீங்க. அவரிடம் போய்ச் சொல்லாதீங்க. அவருக்கு அதைப் பார்த்தாலே அவமானமாகிவிடும். மறந்துகொண்டு வருகிறார், அதைப் போய்க் கிளறிவிட்டால்? துப்பட்டாவைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கோங்க. இன்னும் கொஞ்சம். அவர் இறங்க இந்தப் பக்கம்தான் வருவார். ஆம், இப்போது தெரியவில்லை. எனக்கு என் அப்பாவைத் தெரியும், அக்கா.

ஒட்டன்சத்திரம் எப்போது போனது? நான் பேசிக்கொண்டே கவனிக்கவில்லை. அப்படியென்றால் பக்கம்தான். இனிமேல் வேடிக்கை பாருங்க. அவர் எப்படி எழுந்து வந்து, 'வேண்டாம் கண்ணு' என்று சொல்லப் போகிறார் பாருங்க. சொன்னால் நான் கொஞ்சம் பிகு பண்ணுவேன். அப்புறம் சரி என்பேன். மறுபடி ஷெட்டைப் போடுங்கப்பா, நான் பீஸ் மடிக்கிறேன் என்பேன். அதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன். வீட்டில் சொல்ல முடியவில்லை, எப்போதும் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். மில் ஸ்டாப்தான்.

அப்பா! ஏப்பா, வந்துருச்சு! எந்திரிங்க!

காதில் விழவில்லை. இருங்க அக்கா, போய்க் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன். பையைப் பார்த்துக்கோங்க.

வந்துவிட்டேன். பையை எடுக்கத்தான் வந்தேன்.

அவர் இறங்கவில்லை. கண்டக்டர் சொல்கிறார், "உனக்கு மட்டுந்தாம்மா இங்க டிக்கெட்டு. ஐயாவுக்குத் தேனி வரைக்கும் போட்டிருக்கேன், ஏறும்போதே கேட்டாரே" என்று. தேனியில் எங்களுக்கு யாரும் கிடையாது. என்னப்பா இது என்று கேட்டேன். "படம் முடியட்டும் கண்ணு. அப்பறம் திரும்பற வண்டியில ஊருக்குப் போயிக்கறேன்" என்றார். கேட்டில் வந்து ஒரு வார்த்தை பேசுங்கப்பா என்றேன்.

"நான் வந்து என்ன பேசறது? நீதான் நல்லாப் பேசுவியே. நீயே பேசிக்க."

கோபமாக இல்லை, அக்கா. எப்போதும் போலத்தான் சொன்னார். டிவியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

படத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம் அவருக்கு. அதுவும் இந்த மாதிரி ஒரு படத்துக்கு. வேறு ஒன்றும் இல்லை.

இறங்கறேண்ணா, இறங்கறேன், ஊதாதீங்க! காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க அக்கா. கீழே இன்னொரு பை இருக்கிறது.